கல்லூரித் தலைவருக்கு ஒரு கல்வெட்டு

நான் கல்வெட்டு எழுதுகிறவன். உளியும் சுத்தியலும் என்று நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில், ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்குத்தான் அந்தப் பெயர். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், பிறகு ஆளின் வரலாறு, செத்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து எழுதுகிறேன். பாதிக்கு மேல் பெற்றோல் ஷெட் கவுண்டரில் நின்றுகொண்டு எழுதியவை.

என் கல்வெட்டுகளில் இதுவரை ஒரு கெட்ட மனிதரும் செத்ததில்லை. குடித்துக் குடும்பத்தைக் கவிழ்த்தவர் 'நண்பர்களோடு கலகலப்பாகப் பழகியவர்' ஆவார். வாயைத் திறந்தால் ஊரையே ஏசியவர் 'மனதில் பட்டதை நேரே சொல்லும் நேர்மையாளர்'. ஒரு நாளும் வேலைக்குப் போகாதவர் 'எளிமையின் சிகரம்'. குடும்பத்தவர்கள் வாசித்துவிட்டு அழுவார்கள். எங்கள் அப்பாவா இப்படி இருந்தார் என்ற ஆச்சரியத்தில் சிலர் கூடவே அழுவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

இந்தக் கர்வம்தான் என்னை ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரித் தலைவரிடம் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

விம்பிள்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் எண்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் தனியாக இருந்தார். பிறந்தது அமெரிக்கா. இருபத்தாறு வயதில் லண்டன் வந்து, திரும்பிப் போகவே இல்லை. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த பலகை வேலி ஒரு காற்றில் விழுந்தது. யாருடைய வேலி என்று தெரியாததால் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தோம். அப்படி வேலி இல்லாமல் போனதால்தான் நல்ல பழக்கம் ஏற்பட்டது. என் அண்ணர் செத்தபோது அந்த அம்மாவுக்கும் ஒரு கல்வெட்டுக் கொடுத்தேன். ஒரு எழுத்து விளங்காவிட்டாலும் அதைப் பத்திரமாக அலுமாரியில் வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, வேலி இருந்த இடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான். நான் என் தமிழில் சொல்கிறேன்.

"உங்கள் ஆட்களில் யார் செத்தாலும் ஒரு புத்தகம் போடுகிறீர்களே, அதற்கு ஆள் முக்கியமானவராக இருக்கவேண்டுமா?"

"செத்திருந்தால் போதும்."

"அப்படியென்றால் என் பூட்டனுக்கு ஒன்று எழுதுங்கள்."

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஐந்து வாழைப்பழப் பெட்டிகள் நிறையப் பழைய கடதாசி. அவருடைய பூட்டனார், அதாவது பாட்டனின் தகப்பன், ஒகையோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவராம். அம்மா அடுத்த மாத முடிவில் வீட்டை விட்டு, வயதானவர்களுக்கான ஒரு பிளாட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு ரிவி, அவ்வளவுக்குத்தான் இடம். வீடு காலி செய்கிறவர்கள் வான் கொண்டு வருவார்கள், மிச்சம் எல்லாம் குப்பைக்குப் போகும். அந்தக் கல்லூரி இன்னும் இருக்கிறது. கேட்டதற்கு, ஆளின் வரலாறு இரண்டு பக்கமும், பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் வந்தால் எடுத்துக்கொள்வோம், வராவிட்டால் பிரித்துப் பார்க்க எங்களிடம் ஆளில்லை என்று எழுதிவிட்டார்கள்.

"எல்லாவற்றையும் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். இதை மட்டும் சரியாக எழுதுங்கள்," என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் கண்ணாடி போட்ட ஒரு கடிதம். கல்லூரி நிர்வாக சபைக்குப் பூட்டனார் எழுதிய ராஜினாமா. பெண் பிள்ளைகளை வகுப்பில் இருத்தக் கூடாது என்று சபை தீர்மானித்ததாம். அதற்கு அவர் எழுதியிருந்தார்: "என் மனச்சாட்சி இனி ஒரு நாளும் என்னை இந்தக் கதிரையில் இருக்க விடாது." அன்றைக்கே வேலையை உதறிவிட்டு, ஒரு தோட்டம் வாங்கி, அப்பிள் மரம் வைத்து, நிம்மதியாக வாழ்ந்து செத்தார் என்பது குடும்பத்தில் நாலு தலைமுறைக் கதை.

அம்மா இருபத்தாறு வயதில் இந்த வசனத்தை அப்படியே எடுத்து, 'கதிரை' என்ற இடத்தில் 'வீடு' என்று மாற்றித் தன் புருஷனுக்கு எழுதிவைத்துவிட்டுக் கப்பலேறினவர். அந்தப் புருஷன் அடிக்கிறவனோ குடிக்கிறவனோ இல்லை. ஆனால் இவர் வாய் திறந்தால் பத்திரிகையை உயர்த்திப் பிடிக்கிறவன். அதற்காக ஒருத்தி விட்டுவிட்டுப் போவாளா என்று இவருடைய தகப்பன், தாய், பாதிரியார் எல்லோரும் கேட்டார்களாம்.

"எனக்கும் தெரியவில்லை. பூட்டனார் செய்தார், அதனால் நானும் செய்யலாம் என்று நினைத்தேன். அந்தக் கடிதம் சுவரில் இல்லாவிட்டால் எனக்கு அந்தத் துணிவு வந்திருக்காது," என்றார்.

நான் பெட்டிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குத் தூக்கிவந்து, சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்து காணி உறுதிப் பத்திரங்கள் வாசித்தவன் நான். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. பழக்கதோஷத்தில் முதல் பெட்டியை 'தாய் உறுதி' என்றும், மற்றவற்றைப் பங்கு ஒன்று, பங்கு இரண்டு என்றும் பட்டியலில் எழுதிவிட்டேன். பிறகு எவ்வளவு அழித்தும் அந்தப் புத்தி போகவில்லை.

ஒரு பெரிய மனிதரின் கடதாசி என்றால் தத்துவம் இருக்கும், நாட்டுப் பிரச்சினை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முதல் பெட்டியில் இருந்தது விறகு. எந்த வகுப்புக்கு எவ்வளவு விறகு, ஈர விறகு தந்தவன் யார், அவனுக்கு மூன்று கடிதம். இரண்டாவது பெட்டியில் மணி. காலை ஐந்து மணிக்கு அடிக்கவேண்டிய கல்லூரி மணியின் நாக்கை மாணவர்கள் கழற்றிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். புது நாக்கு வந்தது. அதுவும் ஆற்றுக்குப் போனது. மூன்றாவது நாக்கைத் தலைவர் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துப் படுத்து, காலையில் தானே காவிக்கொண்டுபோய் மாட்டி அடித்திருக்கிறார். ஒரு கிழமை முழுக்க நாட்குறிப்பில் வேறு ஒரு விஷயமும் இல்லை. மூன்றாவதிலும் நாலாவதிலும் கிரேக்கம் படிப்பித்த வாத்தியாரின் புல்லாங்குழல். மனுஷன் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கிறார், நிறுத்தச் சொன்னால் அழுகிறார்.

இதையெல்லாம் நான் என் முறைப்படி மாற்றிக்கொண்டே வந்தேன். விறகுக் கடிதங்கள் 'மாணவர் நலனில் தாயன்பு கொண்டவர்' ஆயின. மணி 'காலம் தவறாமையின் இலக்கணம்' ஆனது. புல்லாங்குழலை 'இசையில் ஈடுபாடு' என்று போட்டேன்.

என் மனைவிக்கு ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. அவவுக்கு மேசை போன கோபம். அடுப்படியில் நின்று சாப்பிட்டபடி கேட்டா.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசி சுவரிலை மாட்டியிருக்கிற கடிதம், அது அவர் சபைக்கு அனுப்பினது எண்டுதானே சொல்லுறியள்?"

"ஓம்."

"அனுப்பின கடிதம் எப்பிடியப்பா அனுப்பினவரின்ரை வீட்டுச் சுவரிலை தொங்கும்?"

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"கொப்பி எடுத்து வைச்சிருப்பார்," என்றேன்.

"மடிச்ச அடையாளமும் இல்லை. நான் ரொட்டி குடுக்கப் போகேக்கை வடிவாப் பாத்தனான்."

"உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்," என்று சொல்லிவிட்டேன். நாலு தலைமுறை படித்த ஆட்கள், கல்லூரித் தலைவரின் வாரிசுகள், ஒருவருக்கும் தோன்றாதது சமையல்கட்டில் நின்று தோன்றிவிட்டதே என்ற எரிச்சல் எனக்கு.

அந்தச் சந்தேகத்தை அதோடு விட்டிருக்கலாம். விட முடியாமல் செய்தது வெண்பா. திதி வெண்பா இல்லாமல் கல்வெட்டு எழுதி எனக்குப் பழக்கமில்லை. கல்லூரி கேட்டது ஆங்கிலத்தில் இரண்டு பக்கம்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த அம்மா கேட்டது கல்வெட்டு. கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"ஆள் எந்த ஊர்?"

"ஒகையோ, ஐயா."

"அது எங்கை, கனடாப் பக்கமோ?"

"கிட்டத்தட்ட."

"சைவமோ?"

"இல்லை. வேதக்காரர், கிறிஸ்தவர்."

"வேதக்காரருக்கு என்னத்துக்கு ஐசே திதி?"

"வெண்பாவுக்கு."

ஐயர் பெருமூச்சு விட்டார். "சரி, செத்த திகதியும் நேரமும் வேணும். அந்த ஊர் நேரம். சும்மா வருஷத்தைச் சொல்லிப்போட்டுத் திதி கேக்கக்கூடாது."

வீட்டுக் கதையில் வருஷம்கூட இல்லை. அப்பிள் தோட்டத்தில் வயதாகிச் செத்தார் என்பதோடு சரி. ஆகவே அதுவரை நான் திறக்காத ஐந்தாவது பெட்டியைத் திறந்தேன். அடியில் கறுப்புக் கரை போட்ட ஒரு அச்சுத் தாள் கிடந்தது. மரண அறிவித்தல் என்றால் நான் எந்த மொழியிலும் அடையாளம் காண்பேன். கல்லூரி வெளியிட்டது. திகதி இருந்தது, காலை பத்து மணி என்று நேரமும் இருந்தது. தங்கள் அன்புக்குரிய தலைவர், தன் கடமை அறையில், தன் கதிரையில் இருந்தபடியே காலமானார் என்று இருந்தது.

சுவரில் இருந்த ராஜினாமாவுக்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அதே கதிரையில் இருந்திருக்கிறார்!

அறிவித்தலுக்குக் கீழே நாடா கட்டிய ஒரு கட்டு. அவிழ்த்தேன். எல்லாம் ராஜினாமாக் கடிதங்கள். சுவரில் இருப்பதையும் சேர்த்துப் பதினேழு. ஒன்றும் மடிக்கப்படவில்லை. ஒன்றுக்கும் உறை இல்லை. ஈர விறகுக்காக ஒன்று. மணி நாக்குக்காக இரண்டு. சபை உறுப்பினர் ஒருவரின் பசு கல்லூரிப் புல்லை மேய்ந்ததற்காக மூன்று பக்கத்தில் ஒன்று. புல்லாங்குழலுக்கு நாலு. எல்லாவற்றிலும் அந்த ஒரே வசனம்: "என் மனச்சாட்சி இனி ஒரு நாளும் என்னை இந்தக் கதிரையில் இருக்க விடாது." பசுவுக்கும் அதே மனச்சாட்சி, பெண் பிள்ளைகளுக்கும் அதே மனச்சாட்சி. நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கடிதத்துக்கும் அடுத்த நாள், நன்றாக நித்திரை கொண்டேன் என்று எழுதியிருக்கிறார்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பக்கத்து வீட்டு யன்னலில் லைற் எரிவதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனுசி கப்பல் ஏறினது இதை நம்பி. அறுபது வருஷம் தனியாக இருந்தது இதை நம்பி.

கட்டைத் திரும்பக் கட்டினேன். இது எனக்குப் புதுவேலையா? எத்தனை பேருடைய எத்தனை விஷயங்களைக் கட்டி வைத்திருக்கிறேன்! 'கொள்கைக்காகப் பதவியைத் துறந்தவர்' என்று எழுதினேன். கை கூசவில்லை என்று சொன்னால் பொய்.

மனைவி வாசித்தா.

"இதை அந்தக் கொலிஜுக்கு அனுப்பப் போறியளோ? அவையிட்டை கணக்குவழக்கு இருக்காதே, ஆள் எப்ப செத்தது, எப்ப விட்டது எண்டு?"

"இருக்கும்."

"அப்ப அவை அந்த மனுசிக்கு எழுதுவினம், உங்கடை ஆள் ராஜினாமா செய்யவேயில்லை எண்டு. அதை அவ தனிய இருந்து வாசிக்கோணும். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. சொல்ல ஏலாட்டி நான் வாறன்."

தனியாகத்தான் போனேன். கடிதக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒரு முன்னுரையும் இல்லாமல், "அவர் எதையும் அனுப்பவில்லை," என்றேன். கல்வெட்டு எழுதுகிறவனுக்கு வந்த அழகான வசனம் அதுதான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பசுக் கடிதத்தை எடுத்தார். எழுத்து விளங்கவில்லை. நான் வாசித்தேன். மூன்று பக்கமும் வாசித்தேன். பிறகு புல்லாங்குழல் நாலையும் கேட்டார். இரண்டாவது புல்லாங்குழலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, மூச்சு வாங்க, கண்ணீர் வர வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பயம் வந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். திடீரென்று நிறுத்தினார்.

"ஒன்றுகூட அனுப்பவில்லையா?"

"ஒன்றுகூட."

"அப்படியென்றால் இந்தக் குடும்பத்தில் அனுப்பியது நான் ஒருத்திதான்."

பெருமையாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு எழும்பி, சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றித் தரச் சொன்னார். கடிதத்தை வெளியே எடுத்து, நான் தடுக்கமுதல், மூன்றாக மடித்தார். நொத்தாரிசுக் கிளாக்கராக இருந்தவனுக்கு நெஞ்சு பதறியது. அவர் ஒரு உறையைத் தேடி எடுத்து நிர்வாக சபையின் விலாசத்தை எழுதினார்.

"இப்போதே போகலாமா?" என்றார்.

தபாற் கந்தோரில் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெடிச்சி, உள்ளே என்ன என்று கேட்டா. அம்மா, "ராஜினாமா," என்றார். பிள்ளை அம்மாவை மேலும் கீழும் பார்த்தா. அந்த வயதில் எந்த வேலையை விடுகிறார் என்று யோசித்திருப்பா. "அவசரமோ அங்கிள்?" என்று என்னைக் கேட்டா. அம்மாவோ கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபாலில்தான் போகவேண்டும் என்று நின்றார்.

கல்வெட்டை நான் புதிதாக எழுதினேன். முதல் தடவையாக ஒரு செத்த மனிதரைப் பற்றி உண்மை எழுதினேன். பதினேழு தடவை ராஜினாமா எழுதி, பதினேழு தடவையும் அடுத்த நாள் வேலைக்குப் போனவர் என்று எழுதினேன். எழுதிப் பார்த்தால், அவரைப் போல ஒரு ஆளை எனக்கு நன்றாகத் தெரியும் போல இருந்தது. பெற்றோல் ஷெட்டில் இருபது வருஷம் நின்றவன் நான். ஐயர் கணித்துச் சொன்ன திதி தேய்பிறை ஏகாதசி. "நல்ல திதி. மனுசன் மோட்சம் போயிருப்பார்," என்றார். வெண்பாவில் ஒகையோ சுலபமாக உட்கார்ந்தது, நிர்வாக சபைதான் தளை தட்டியது.

அப்டன் பார்க்கில் என் வழக்கமான அச்சகக்காரர், கொம்பியூட்டரில் இருந்த பழைய கல்வெட்டின் மேல் ஆங்கிலப் பக்கங்களையும் வெண்பாவையும் ஏற்றிவிட்டார். அட்டையில் தாடி வைத்த அமெரிக்கர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கடைசிப் பக்கத்தில் முந்திய குடும்பத்தின் நன்றி ஆங்கிலத்தில் அப்படியே கிடந்தது: மலர்வளையம் வைத்தவர்களுக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலுக்கு உணவு சமைத்துத் தந்த ஈஸ்ட் ஹாம் உறவுகளுக்கும் நன்றி. அம்மா அவசரத்தில் அதைத்தான் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார். "அண்ணை, வெள்ளைக்காரருக்கு என்ன விளங்கப்போகுது," என்று அச்சகக்காரர் சமாதானம் சொன்னார். நான் அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

வான் வருவதற்கு இரண்டு நாள் இருக்க, பதில் வந்தது. இரண்டு கடிதம். ஒன்று அம்மாவுக்கு. ஐந்து பெட்டிகளையும் எடுத்துக்கொள்கிறோம், வரலாறு மிக நன்றாக இருக்கிறது, ஈஸ்ட் ஹாம் உறவுகள் பற்றிய குறிப்பு மட்டும் தங்கள் ஆவணங்களில் காணவில்லை, மேலதிக விவரம் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

மற்றது பூட்டனாரின் பேருக்கு வந்திருந்தது. அம்மா அதை உடைத்து என்னிடம் தந்தார். தங்கள் ராஜினாமாக் கடிதம் கிடைத்தது, சபையில் எல்லோரும் எழுந்து நிற்க வாசிக்கப்பட்டது, அதை ஆழ்ந்த வருத்தத்தோடு ஏற்றுக்கொள்கிறோம், தாங்கள் செய்த சேவைக்கு நன்றி, இனி எங்கு போனாலும் நலமாக இருங்கள் என்று இப்போதைய சபைத் தலைவர் கையெழுத்து வைத்திருந்தார். பகிடியாக எழுதினாரா மனதோடு எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்திருக்கும்.

நான் வாசித்து முடித்துவிட்டு, அதைப் பட்டியலில் கடைசி இலக்கமாகப் பதிந்து ஐந்தாவது பெட்டியில் வைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"என்னுடைய கடிதத்துக்கு ஒரு நாளும் பதில் வரவில்லை," என்றார். "அறுபத்திரண்டு வருஷம். என் புருஷன் செத்ததைக்கூட யாரோதான் சொன்னார்கள். கோபமாக ஒரு வரி வந்திருந்தாலும் போதும் என்று இருந்தது. இதை நான் வைத்துக்கொள்ளலாமா?"

கல்லூரியின் சொத்து, தலைவருடைய பேருக்கு வந்தது, முறைப்படி பெட்டிக்குத்தான் போகவேண்டும். நான் பேனையை எடுத்துப் பட்டியலில் அந்த இலக்கத்தை வெட்டினேன்.